உறைநிலத்தை அளந்தவர்

செயற்கைக்கோள்கள் பூமியின் மூலை முடுக்குகளையெல்லாம் அன்றாடம் படமெடுத்து அனுப்பும் இக்காலத்தில், மனிதர் காலால் நடந்து அளந்து வரைந்த பழைய வரைபடங்களால் இனி என்ன பிரயோஜனம் என்று கேட்கும் அபிப்பிராயம் படித்தவர்களிடையேயும் பரவி வருகிறது. அது எத்துணைப் பிழையான அபிப்பிராயம் என்பதற்கு, அலாஸ்காவின் வடகரைத் தூந்திரப் பிரதேசத்தில் நிலவியலாளர் எர்னஸ்ட் லெஃபிங்வெல் செய்த அளவைப் பணியே தக்க சாட்சி.

துருவப் பயணி ஐனார் மிக்கெல்சனோடு சேர்ந்து 1906-இல் துருவக் கடலில் புது நிலம் தேடிப் புறப்பட்ட அவர், கப்பல் பனிக்கட்டியில் சிக்கிச் சிதைந்துபோக, அதன் மரங்களைக் கொண்டே அக்கரையை அடுத்த ஃபிளாக்ஸ்மன் தீவில் குடில் அமைத்து, சகாக்கள் ஊர் திரும்பிய பிறகும் அப்பிரதேசத்தைக் கைவிடாமல், 1914 வரையில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் சிறு படகிலும் சஞ்சரித்து, அங்குள்ள பூர்வகுடிகளான இனுபியாட் மக்களின் துணையோடு, பெரும்பாலும் குடும்பப் பணத்தைச் செலவிட்டே, கானிங் ஆற்றுப் பகுதியையும் அதை அடுத்த கடற்கரையையும் அளந்து முடித்தார்.

கரையோரத்தில் கடல் அரித்துச் செங்குத்தாக நின்ற மண்சுவர்களில், மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் ஆப்பு வடிவில் செருகியிருந்த பனிக்கட்டிகளை அவர் கூர்ந்து நோக்கினார். கடுங்குளிரில் நிலம் சுருங்கி மயிரிழை போல் வெடிக்கிறது. வசந்தத்தில் உருகிய நீர் அவ்வெடிப்பில் இறங்கி உறைகிறது. அடுத்த குளிர்காலத்தில் அதே இடம் மீண்டும் வெடிக்க, இவ்வாறே நூற்றாண்டுக் கணக்கில் அந்த ஆப்பு பருத்துக்கொண்டு போகிறது. இந்த விளக்கத்தையும் வரைபடங்களையும் தாங்கிய அவருடைய நூலை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1919-இல் வெளியிட்டது. அதில் அவர் சாட்லரோசிட் என்று பெயரிட்டு விவரித்த பாறை அடுக்குகளின் தொடர்ச்சியில்தான், 1968-இல் அதே வடகரையிலுள்ள புருடோ விரிகுடாவின் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது.

இன்றோ அந்த வடகரை, சில இடங்களில் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேலாகக் கடலுக்கு இரையாகிறது. வானத்துப் படம் இன்றைய கரையைக் காட்டும்; நூறாண்டுக்கு முன் கரை எங்கே இருந்தது என்பதற்கு ஆதாரம், எவரோ ஒருவர் நேரில் நின்று கோடிட்ட காகிதம்தான். ஆகவே, துருவ ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் ஒதுக்கும் அரசாங்கங்கள், ஆவணக் காப்பகங்களில் கிடக்கும் இத்தகைய வரைபடங்களையும் களக்குறிப்பேடுகளையும் பத்திரமாகப் பிரதியெடுத்து எவரும் காணும்படி வெளியிடுவதற்கும், உறைநிலத்தில் இறங்கி நடந்து ஆராயும் இளைஞர்களை ஆதரிப்பதற்கும், அதில் ஒரு பங்கை அவசியம் ஒதுக்க வேண்டும்.