வெயிலுக்குப் பிறந்த தோல் என்று ஒன்று இல்லை

"வெயில்ல போகாதீங்க. ஓடாதீங்க. வேர்க்கிற மாதிரி வேலை எதுவும் வெச்சுக்காதீங்க." நாமக்கல்லில் ஒரு தோல் மருத்துவர் எனக்கு இட்ட மூன்று கட்டளைகள் இவை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த மூன்றையும் செய்யாமல் எங்கள் தெருவில் எவனாவது ஒருவேளைச் சோறு தின்றிருக்கிறானா?

நான் வங்கி எழுத்தர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ரசீது எழுதுகிறவன். கட்டளைகளை ஓரளவு கடைப்பிடித்துவிடலாம். மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் எங்கள் தெருப் பையனுக்கும் இதே நோய். அவனிடம் போய் வேர்க்காதே என்று எந்த வாயால் சொல்வது?

ஊரில் இதைக் காணாக்கடி என்போம். கடித்தது எது என்று காண முடியாது. மருத்துவத்தில் இதன் பெயர் கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா. 1924-லேயே டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் வெப்பத்தாலும் உழைப்பாலும் வரும் தடிப்பைப் பற்றி எழுதிவிட்டார். உடம்பின் உள்சூடு ஏறும்போது, வேர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் அசிட்டைல்கோலினை விடுகின்றன. அதையொட்டித் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் பொடிப்பொடியாகத் தடிப்பு எழும். ஊசி குத்துகிற மாதிரி அரிக்கும். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அடங்கிவிடும். வெயில், ஓட்டம், சுடுதண்ணீர், காரம், கோபம், அவமானம் எல்லாமே இதைத் தூண்டும். அழுக்கால் வருவதல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

ஒட்டாது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், மதியம் மூன்று மணி வெயிலில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடினேன். கழுத்தும் மார்பும் தடித்துவிட்டது. "சொறி புடிச்ச நாயே, குளிக்கவே மாட்டீங்களாடா நீங்கெல்லாம்" என்றார் வாத்தியார். அந்த 'நீங்கெல்லாம்' யார் யார் என்பது வகுப்புக்கே தெரியும். தொத்து வியாதி என்று தண்ணீர்க் குடத்தின் பக்கம் விடவில்லை. நோய் வருவதற்கு முன்னால் மட்டும் அந்தக் குடத்தில் நானே மொண்டு குடித்தேனா என்ன? மேலிருந்து ஊற்றுவார்கள், கையேந்திக் குடிப்பேன். ஏற்கெனவே இருந்த தீண்டாமைக்கு என் தோல் ஒரு சாக்கைக் கொடுத்தது, அவ்வளவுதான். வாத்தியார் திட்டத் திட்டத் தடிப்பு கூடியது. அவமானமும் இதைத் தூண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மருத்துவப் பாடநூல் 'சிவந்த தடிப்பு' என்கிறது. யார் தோலில் சிவக்கும்? எங்கள் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, மேடுதான் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தொட வேண்டும், தோழர்களே! மேசைக்கு அந்தப்பக்கமிருந்தே 'வேர்க்குரு, பவுடர் போடு' என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! கறுப்புத் தோலில் நோய்க்குறி எப்படித் தெரியும் என்று 2020-ல் லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற கறுப்பின மருத்துவ மாணவர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டைக் கொண்டுவந்தார். கறுத்த தோலே பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாட்டில் இது ஒரு கோரிக்கையாகக்கூட எழவில்லை.

"உங்க ஆளுங்களுக்கு வெயில் பழக்கந்தானே சார்" என்கிறார் சக ஊழியர். நல்ல மனசோடுதான் சொல்கிறார். சாதி எப்போதும் கோபமாக வருவதில்லை, இப்படி நல்ல மனசோடும் வரும். நம்மவர்களும் இதையே பெருமையாகச் சொல்லித் திரிகிறோம். தடிப்போடு வேலையிலிருந்து திரும்பியவனைப் பார்த்து, "ஒழைக்க வணங்காத ஒடம்பு" என்று நம் பெரியவர்களே ஏசுகிறார்கள். முற்போக்குக் கவிஞர்களோ வேர்வையை முத்து என்கிறார்கள். நானும் அப்படி ஒரு கவிதை எழுதியவன்தான். அதை இங்கேயே திரும்பப் பெறுகிறேன். வேர்வை வெறும் உப்புத்தண்ணீர். அதைப் பாடுகிறவன் நிழலில் உட்கார்ந்திருக்கிறான்.

வேர்த்து வேர்த்துப் பழகினால் சிலருக்குத் தடிப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் அது மருத்துவர் பார்வையில், அளவோடு செய்வது. பண்ணைக்காரன் நடத்தும் வைத்தியமல்ல.

வெயிலுக்கு மருந்து இரண்டு: நிழல், தண்ணீர். இரண்டும் யார் கையில் இருந்தன? மரத்தடி ஊருக்கு, பொட்டல் சேரிக்கு. 1927-ல் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. யார் வெயிலில் எத்தனை நேரம் வேலை செய்கிறார்கள் என்பதைச் சாதியோடு பொருத்திப் பார்த்த பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும், தலித்துகளும் பழங்குடிகளும் தாங்கும் வெப்பமே அதிகம் என்று காட்டியிருக்கிறார்கள். நம் அம்மாக்களுக்கு ஆய்வு தேவைப்பட்டதில்லை.

2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். வரவேற்போம். உயிரோடு அரித்துக்கொண்டு, பாதி நாளில் கரும்புக் காட்டைவிட்டு வருகிறவனுக்கு என்ன? பாதிக் கூலி. வாங்கிய முன்பணத்தில் கழித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

மருந்து இருக்கிறது. செட்ரிசின் போன்ற மாத்திரைகள் பலருக்குக் கட்டுப்படுத்தும். பழைய அவில் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு லாரி ஓட்டுகிறவனையும் ரிக் வண்டியில் நிற்கிறவனையும் நினைத்துப் பாருங்கள். தடிப்போடு மூச்சிரைப்போ மயக்கமோ வந்தால் அது அவசரம். அரிப்புதானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ஆகவே, கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தோழர்கள் இதையும் எழுதிக்கொண்டு போகட்டும். உச்சி வெயிலில் கூலி பிடிக்காத ஓய்வு. வேலை இடத்தில் நிழல், எல்லோரும் மொண்டு குடிக்கும் ஒரே தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தூக்கம் வராத மாத்திரையும், கறுத்த தோலைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரும். மாணவத் தோழர்கள் தங்கள் தெருவில் வெயிலில் தடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். வெட்கப்பட்டுச் சட்டையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நானும் இருபது வருடம் மூடிக்கொண்டவன்தான். முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.