வரப்புல நடங்க, பயிருக்குள்ள இறங்காதீங்க

குற்றாலத்துல சீசன் வந்துட்டா எங்க சுந்தரபாண்டியபுரம் பக்கமும் கூட்டம் வந்துரும். சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். பார்க்க வாரவங்களை நான் தடுக்கிறதில்லை. வரப்புல நடக்க யாரும் யார்கிட்டயும் கேட்கிற வழக்கம் இங்க கிடையாது.

ஆனா போட்டோவுக்காகப் பயிருக்குள்ள இறங்குறாங்க. ஒரு செடிக்கு ஒரே பூ. தண்டு ஒடிஞ்சா விதை இல்லை, மூணு மாசப் பாடு போச்சு.

போன வாரம் ஒருத்தர், "அஞ்சாறு செடிதானே அண்ணாச்சி, காசு தந்துடறேன்"னு பர்ஸை எடுத்தார். நான் வாங்கலை. வாங்கினா அடுத்து வாரவர் அதை டிக்கெட்டுன்னு நினைச்சிருவார்.

அதைவிட மோசம் பீர் பாட்டில். வெறுங்காலோட தண்ணி பாய்ச்சப் போன எங்க வீட்டம்மாவுக்குக் கண்ணாடி குத்தி மூணு தையல். உழவு ஓட்டினா மிச்சச் சில்லு மண்ணுக்குள்ள போயிரும். அடுத்து யார் காலுக்கோ?

வேலி போடுங்கப்பாங்கிறான் என் பையன். போட்டா உங்களை மட்டுமா தடுக்கும்? ஆடு மேய்க்கிறவங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க, எல்லாருக்கும் அந்த வரப்புதான் வழி. அதை அடைக்க எனக்கு மனசில்லை.

வாங்க, பாருங்க, வரப்புலயே நின்னு படம் எடுங்க. கொண்டுவந்த பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோங்க. வழியை அடைக்கிற நிலைக்கு எங்களைத் தள்ளிராதீங்க.