பெருக்காத ஒலிபெருக்கி

ஒலிபெருக்கி என்று தமிழில் நாம் அழைக்கும் பெட்டி எதையும் பெருக்குவதில்லை. வந்து சேரும் மின்னலையைக் காற்றின் அசைவாக மாற்றுவதே அதன் வேலை. பெருக்குவது அதற்கு முன் நிற்கும் ஆம்ப்ளிஃபையர். மொழியியல் படித்த எனக்கு இத்தகைய பெயர்க்குழப்பம் சுவையான செய்தி. வீட்டு ஒலிக்கருவிகளை மேம்படுத்த நினைப்பவருக்கோ குழப்பம் பணச்செலவில் முடிகிறது. 'ஒலி போதவில்லை' என்றதும் கூடுதல் வாட் உள்ள ஆம்ப்ளிஃபையரைத் தேடிப் புறப்படுகிறோம். பெரும்பாலான வீடுகளில் முதலில் மாற வேண்டியது அதுவன்று என்பதே என் கருத்து.

50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காது அதைச் 'சற்றே உயர்ந்தது' என்று மட்டும் உணரும். ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் உள்ளதற்கு மாறினால், பழைய ஆம்ப்ளிஃபையரிலேயே அந்த 3 டெசிபல் கிடைத்துவிடும். மேளமும் மிருதங்கமும் திடீரென உயரும் கணங்களுக்குக் கையிருப்பு ஆற்றல் தேவைதான். ஆயினும் சிறிய அறையில் இயல்பாகக் கேட்கும்போது சராசரியாகச் செலவாவது ஓரிரு வாட்டே. (அட்டைப்பெட்டிகளின்மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. வாட்டுகளை இங்கே நான் எண்ணாகவே கருதவில்லை.)

'சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை' என்று வீட்டு முதியவர் குறைப்பட்டுக்கொள்வதைப் பலரும் கேட்டிருப்போம். உயிரொலிகள் ஆற்றல் மிக்கவை, தாழ்ந்த அதிர்வெண்களில் வலுப்பெறுபவை. ஸகரம் போன்ற உரசொலிகளோ மெலிந்தவை. அவற்றின் ஆற்றல் பெரிதும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. முதுமை முதலில் கவர்வதும் அந்த உயர் அதிர்வெண்களைத்தான். போதாக்குறைக்கு நம் அறைகள்: வெறுஞ்சுவர், பளிங்குத்தரை, கான்கிரீட் கூரை. ஓர் உயிரொலியின் எதிரொலி அடங்குமுன் அடுத்த மெய் வந்து அதற்குள் மூழ்கிவிடுகிறது. ஒலியளவை உயர்த்தினால் எதிரொலியும் சேர்ந்தே உயரும். புதிய ஆம்ப்ளிஃபையர் அதே கலங்கலை உரக்கத் தரும். தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை அங்கே அதைவிடப் பயன்படும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே நகர்த்துவதற்குச் செலவே இல்லை. 3.5 மீட்டர் நீள அறை 49 ஹெர்ட்ஸ் அளவில் தானே முழங்கும். மூலை அம்முழக்கத்தை மேலும் ஊட்டி வளர்க்கும்.

ஆம்ப்ளிஃபையரை மாற்றியே ஆகவேண்டிய சூழல்களும் உண்டு. இரைச்சலோ உறுமலோ கேட்டால், 4 ஓம் ஸ்பீக்கரை அது தாங்காவிட்டால், கூடம் பெரிதாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். மற்றபடி, மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர் ஒருவர் என்னிடம் கேட்டால், பணத்தின் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே ஒதுக்கச் சொல்வேன்.

வாங்குமுன் பாடலோடு தமிழ்ச் செய்தியறிக்கை ஒன்றையும் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். ழகரத்தை அடையாளம் காட்டும் ஒலிக்குறிப்பு பெரிதும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அமைகிறது. பல ஸ்பீக்கர்களில் வூஃபர் தன் பணியை ட்வீட்டரிடம் கைமாற்றுவதும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள்தான். அந்தக் கைமாற்றம் பழுதுபட்ட பெட்டியில் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடக்கூடும்.