பித்தளை ஸ்க்ரூ என்னும் அலங்காரம்

பாய்மரப் படகில் தேக்குக் கைப்பிடியைப் பித்தளை ஸ்க்ரூவால் முடுக்கி, சுற்றிலும் சிலிக்கோனை அப்பிவிடுகிறார்கள். பழைய கப்பல் அழகாம்! உப்புத் தண்ணீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துவிடும். மிஞ்சுவது பொரபொரத்த செம்பு. அலை தூக்கியடிக்கையில் ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் அதுவா தாங்கும்?

316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைத் தளத்தின் அடிப்பக்கம் வரை இறக்கி, அகலமான தகடு கொடுத்து நட்டு போடுங்கள். இடையில் பாலிசல்ஃபைடு பூசுங்கள். சிலிக்கோன் பட்ட மரத்தில் அப்புறம் வார்னிஷ் பிடிக்காது. பிரியவே பிரியாத பாலியூரித்தேன் பசையும் வேண்டாம். கைப்பிடியைக் கழற்றும் நாளில் தளத்தின் மேற்பூச்சும் பெயர்ந்து வரும்.

தளத்துக்குள் பால்சா மரம் இருந்தால் துளையைப் பெரிதாக்கி, எபாக்சி நிரப்பி, இறுகியபின் மறுபடி துளையுங்கள். ‘அவ்வளவு வேலையா?’ என்பவர்கள் பால்சா மக்கியபின் தளத்தையே அறுத்துக் கொண்டிருப்பார்கள்.