இம்பாக்ட் ஃபேக்டரும் ஒரு பழைய நோட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிறு குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். மலையில் மழை பெய்திருந்ததால் ஓடையில் நல்ல தண்ணீர். சாமி கும்பிட்டுவிட்டு, குரங்குக்குப் பயந்து பையை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்த பெண். இப்போது வானியற்பியலில் பி.எச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். கூடவே அவளுடைய பெரியப்பா; எனக்கும் பழக்கமானவர்தான்.

நம் நாட்டு அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28-ல் மேலே போனது. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கி எடுத்த படங்களை வைத்து அவள் ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கிறாள். எங்கே அனுப்புவது என்பதுதான் அவள் குழப்பம். பெங்களூரிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் அஸ்ட்ரோபிசிக்ஸ் அண்ட் அஸ்ட்ரானமி'க்குக் கொடுக்க அவளுக்கு ஆசை. கூட இருப்பவர்களோ, "இம்பாக்ட் ஃபேக்டர் கம்மி, இன்டர்வியூவில் எடுபடாது, லண்டன் பத்திரிகைக்கு அனுப்பு" என்கிறார்களாம். பெரியப்பா குறுக்கே வந்து, "அது என்ன சார், நீட் கட்-ஆஃப் மாதிரியா?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போது, தான் யாருடைய வேலையின் மேல் நின்று பேசுகிறார் என்று முந்தைய கட்டுரைகளைக் குறிப்பிடுவார். அதற்குப் பெயர் மேற்கோள். அவர்கள் மொழியில் சைட்டேஷன். ஒரு பத்திரிகை 2022, 2023 இரண்டு வருடத்திலும் சேர்த்து 200 கட்டுரை போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 200-ஐயும் 2024-ல் மற்றவர்கள் மொத்தம் 300 முறை குறிப்பிட்டால், 300-ஐ 200-ஆல் வகுத்து 1.5. அதுதான் அந்தப் பத்திரிகையின் இம்பாக்ட் ஃபேக்டர். ஐந்தாம் வகுப்புச் சராசரிக் கணக்குதான். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. எந்தப் பத்திரிகையை வாங்குவது என்று நூலகர்கள் முடிவு செய்ய உதவிய எண், போகப்போக மனிதர்களை எடைபோடும் தராசாகிவிட்டது.

சராசரியில் உள்ள சங்கடம் உங்களுக்கே தெரியும். வகுப்பில் இரண்டு பேர் 100 வாங்கினால் மற்றவர்கள் தடுமாறினாலும் சராசரி ஏறிவிடும். பத்திரிகைகளிலும் அப்படித்தான். சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் மேற்கோள் வாங்கும், பல கட்டுரைகளுக்கு ஒன்றிரண்டுதான். பத்திரிகையின் எண்ணை வைத்து அதிலுள்ள ஒரு கட்டுரையை மதிப்பிடுவது, பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து ஒரு பையனுக்கு மார்க் போடுவது மாதிரி. இதைச் செய்யாதீர்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியலாளர்கள் ஓர் அறிக்கையே தயாரித்தார்கள்.

இப்போது நம் பத்திரிகைக்கு வருகிறேன். சர் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய 'இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்' இதை 1980 முதல் நடத்துகிறது. இந்திய வானியல் சங்கமும் தன் பழைய இதழை நிறுத்திவிட்டு இதோடு சேர்ந்துகொண்டது. சமீப ஆண்டுகளில் இதன் இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்றைச் சுற்றியே நிற்கிறது. லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் 'மந்த்லி நோட்டீசஸ்', அமெரிக்காவின் 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' இரண்டும் ஐந்தை ஒட்டி. முதலாவது 1827-லும் இரண்டாவது 1895-லும் தொடங்கியவை. மூத்தவர்களோடு ஓடும் ஓட்டம் இது.

ஆனால் உள்ளே என்ன வருகிறது என்று பாருங்கள். அஸ்ட்ரோசாட்டுக்கென்று 2017-லும், அது ஐந்தாண்டு முடித்தபோது 2021-லும் சிறப்பிதழ்கள் வந்தன. பல நாடுகள் சேர்ந்து அமைக்கும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கியில் இந்தியர்கள் என்ன செய்யலாம் என்று ஒரு சிறப்பிதழ் வந்தது. அஸ்ட்ரோசாட் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, அளவில் எவ்வளவு பிழை வரும் என்பதையெல்லாம் கருவி செய்தவர்களே இதில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தரவைத் தொடுகிற எந்த நாட்டுக்காரரும் இந்தக் கட்டுரைகளைக் குறிப்பிடத்தான் வேண்டும். சொந்தக் கருவி, சொந்தத் தரவு வந்த பிறகு நம் பத்திரிகையின் பக்கம் வெளியாட்களும் திரும்புகிறார்கள். மேற்கோளுக்கு நேர்மையான வழி அதுதான். நீ என்னைச் சொல், நான் உன்னைச் சொல்கிறேன் என்று மொய் எழுதுவது அல்ல.

சின்னப் பத்திரிகையில் வந்தால் உலகம் பார்க்காது என்பார்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, நம் கொடைக்கானல். 1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். லண்டனுக்கும் எழுதினார், கொடைக்கானல் ஆய்வகம் தானே அச்சிட்ட மெல்லிய அறிக்கையிலும் போட்டார். இன்று உலகம் முழுக்க அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். பெயர் நிலைத்த பிறகு பலர் அந்த மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதுகூட இல்லை. நியூட்டன் விதி என்று எழுதும்போது யார் நியூட்டன் புத்தகத்தின் பக்க எண்ணைப் போடுகிறார்கள்? மிகப் பெரிய வெற்றி பெற்ற கட்டுரை மேற்கோள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது.

இரண்டு, 1982. ஒரு நொடிக்கு 642 முறை சுற்றும் பல்சர் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது எப்படி இவ்வளவு வேகம் பெற்றது? பக்கத்துத் துணை நட்சத்திரத்திலிருந்து வந்து விழும் பொருள் அதைச் சுழற்றிவிட்டது என்று வி. ராதாகிருஷ்ணனும் ஜி. சீனிவாசனும் பெங்களூரின் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே வருடம் வேறொரு குழு அதே கருத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. இன்றும் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். சரக்கு இருந்தால் தேடி வருவார்கள்.

இதனால் நம் பத்திரிகையின் எண் குறைவாக இருப்பது முழுக்க வெள்ளைக்காரன் சதி என்று சொல்லமாட்டேன். நம் ஆட்களே சிறந்த கட்டுரையை வெளியே அனுப்பிவிட்டு, அங்கே திரும்பி வந்ததை இங்கே கொடுத்தால் எண் எப்படி ஏறும்? எண் ஏறாததால் அடுத்தவரும் வெளியே அனுப்புகிறார். செக்குமாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் 'மந்த்லி நோட்டீசஸ்' 2024 முதல் எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கும் முறைக்கு மாறிவிட்டது. சலுகை கிடைக்காதவருக்கு ஒரு கட்டுரைக்கு ரூபாய் இரண்டு லட்சத்தைத் தாண்டும். நம் பத்திரிகையில் வழக்கமான முறையில் வெளியிட அப்படிக் கட்டணம் கிடையாது.

சரி, அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொன்னேன்? அதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உறவுகளில்கூடப் பலருக்குத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வகுப்பில் ஒரு பையன், மார்க்கில் கடைசி வரிசை. ஒருநாள் கணக்கு நோட்டுக்கு நடுவே இன்னொரு நோட்டு இருப்பதைப் பிடித்தேன். வீட்டு மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு, தினமும் மத்தியானம் அதன் நிழலை அளந்து எழுதியிருந்தான். சாயங்காலம் சூரியன் மலையில் எந்த முகட்டுக்குப் பின்னால் இறங்குகிறது என்று படமும் போட்டிருந்தான். மார்கழியில் தெற்கே, ஆனியில் வடக்கே. சித்திரை பிறக்கிற சமயத்தில் குச்சிக்கு நிழலே இல்லை என்று ஒரு வரி. நம் ஊருக்கு அது மிகச் சரி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல் அவனாகக் கண்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதுக்கு எத்தனை மார்க் வரும்?" என்று வகுப்பு முன்னால் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நோட்டைப் பிடுங்கி மேஜையில் போட்டேன். அவன் திரும்பக் கேட்கவே இல்லை. அடுத்த வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்த நோட்டு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது.

ரிட்டயர் ஆன பிறகு ஒருமுறை கொடைக்கானல் ஆய்வகத்துக்குப் போனேன். 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள் என்று சொன்னார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் ஒரு படம், கண்ணாடித் தகட்டில். எடுத்தவர்கள் எத்தனையோ பேர்; அவர்கள் பெயரில் மேற்கோள் கிடையாது. இன்று அந்தத் தகடுகளைக் கணினியில் ஏற்றி, நூறு வருடத்தில் சூரியன் எப்படி மாறியது என்று உலகம் ஆராய்கிறது. இரண்டு வருடக் கணக்கில் சுழி, நூறு வருடக் கணக்கில் பொக்கிஷம். அங்கே நின்றபோது எனக்கு அந்தப் பையனின் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் திருப்பாவையில் ஒரு வரியில் பாடிவைத்தார். ஆயிரம் வருடம் தாண்டி, அதை வைத்து ஆண்டாளின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் முயன்றார்கள். முடிவில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பார்த்ததைப் பதிந்துவைத்ததால்தான் அந்த விவாதமே வந்தது.

இனி, அந்தப் பெண்ணுக்குச் சொன்னது. "உன் கைடு சொல்கிற இடத்துக்கே அனுப்பும்மா" என்றேன். அவள் முகம் வாடியது. ஆனாலும் நான் பென்ஷன் வாங்குகிறவன். நாட்டுப் பத்திரிகைக்குக் கொடு என்று உபதேசம் பண்ணுவது எனக்குச் சுலபம். இன்டர்வியூவில் உட்காரப் போவது அவள். ஒரு பத்திரிகையைத் தூக்கி நிறுத்தும் பாரத்தை வேலை கிடைக்காத பிள்ளைகளின் தலையில் வைப்பது நியாயமில்லை.

அந்தப் பாரம் யாருடையது? நிரந்தர வேலையில் இருப்பவர்களுடையது. என் மாணவர்களில் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், நேர்முகத் தேர்வில் எதிர்ப்பக்கம் உட்காருகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் நல்ல கட்டுரைகளில் ஒன்றையாவது, எந்தத் துறையானாலும், நம் நாட்டு இதழுக்குக் கொடுங்கள். இழக்க உங்களுக்கு ஒன்றுமில்லை. வேலை கேட்டு வரும் பிள்ளையின் பட்டியலில் எண்ணைக் கூட்டுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு கட்டுரையை வாங்கி முழுதாகப் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். அரை மணி நேரம் ஆகும். எனக்கு அன்று அந்த நோட்டைப் புரட்ட ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். புரட்டிவிட்டும் மார்க்கைத்தான் கேட்டேன்.

கிளம்பும்போது பெரியப்பா, "அப்ப அந்த நம்பர் முக்கியமில்லையா சார்?" என்றார். "பத்திரிகை வாங்குகிறவருக்கு முக்கியம், பிள்ளையை எடைபோட உதவாது" என்றேன்.

அந்த மாணவன் இதைப் படிக்கிறானா தெரியாது. யாருக்காவது அவன் யாரென்று புரிந்தால் பெயரை இங்கே எழுத வேண்டாம். எனக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள். நானே அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்