கரண்டு சட்டியும் சோம்பேறிப் பட்டமும்



சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, விக்கிரமங்கலத்துப் பெரியவர் ஒருவர் மனம் நொந்து பேசினார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மகன் தன் மனைவிக்கு ஒரு ஸ்லோ குக்கர் வாங்கி வந்திருக்கிறான். மருமகள் காலையில் மாட்டுக்கறியை அதில் போட்டு மூடிவிட்டுத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்துவிடுகிறாளாம்; மாலையில் திறந்தால் குழம்பு ஆயத்தமாக இருக்கிறதாம். "அடுப்படியில் நிற்காத பொம்பளை ஆக்குன சோத்துல பரக்கத் எங்கே இருக்கும், ஹஜ்ரத்? இந்தக் கரண்டு சட்டி வந்து பொம்பளைங்களைச் சோம்பேறி ஆக்கிடுச்சு" என்றார். சுற்றியிருந்த நால்வரில் மூவர் தலையசைத்தனர். குழம்பு எப்படி இருந்தது என்று நாம் கேட்டோம். "பஞ்சு மாதிரி இருந்துச்சு. அது வேற விஷயம்" என்றார்.

அது வேறு விஷயம் அன்று. அதுதான் விஷயம். அந்தத் திண்ணையில் மரியாதை கருதி நாம் சொல்லாமல் விட்டவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம்.

முதலில் சோம்பேறி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் திரிகையில் மாவரைத்துக் கைகள் நொந்து, பணியாள் ஒருவர் வேண்டுமெனக் கேட்டுத் தம் தந்தையாரின் இல்லம் சென்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபியவர்கள் பணியாளைத் தரவில்லை. உறங்கப் போகுமுன் ஓதும் தஸ்பீஹைக் கற்றுத் தந்தார்கள். நம் ஆண்கள் இந்த ஹதீஸை அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். சுஃப்பாவாசிகள் பசியால் வாடும்போது தம் மகளுக்குப் பணியாளைத் தர இயலாது என்று நபியவர்கள் காரணம் கூறியதாக முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பில் வருகிறது. கேட்டது தவறு என்று சொல்லப்படவில்லை. கை நொந்தவரைப் பார்த்து, உனக்கு உடல் வளையவில்லை என்று யாரும் ஏசவில்லை. அவர்கள் இரவில் தாமே மகளின் வீடு தேடிச் சென்று அருகில் அமர்ந்து ஆறுதல் கூறினார்கள். இன்று வேலையைக் குறைக்கும் கருவியொன்று வீட்டுக்குள் வருவதால் எந்த ஏழையின் பங்கும் குறைந்துவிடப் போவதில்லை. பிறகு எதை முன்னிறுத்தி அதை மறுக்கிறோம்?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சமையல் செய்வது மனைவியின் மீது விதிக்கப்பட்ட கடமையா என்ற கேள்விக்கு ஷாஃபிஈ மத்ஹபின் விடை, இல்லை என்பதே. ஹனஃபி மத்ஹபில் மார்க்க ஒழுக்கம் என்ற வகையில் அவளுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் காஜி அவளைக் கட்டாயப்படுத்த இயலாது. ஆக, நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் நமக்கு ஆக்கிப் போடுவதில் பெரும்பகுதி அவர்கள் நமக்குச் செய்யும் உபகாரம். உபகாரம் செய்பவரிடம், நீ இன்னும் அதிகமாக வேர்த்துச் செய் என்று சொல்ல எந்த நூல் நமக்கு அதிகாரம் தந்தது? வீட்டில் நபியவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். எந்த உணவையும் நபியவர்கள் குறை கூறியதே இல்லை என்பது அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு. நாமோ வாய்க்கு ருசியான உணவில்கூடக் குறை காண்கிறோம், அது ஆக்கப்பட்ட முறையை வைத்து!

இது அடுப்படிச் சண்டைதானே, மார்க்கம் பேசுகிறவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நமக்கு இதில் நேரடி வழக்கு ஒன்று உண்டு. பெண்களுக்கான குர்ஆன் வகுப்பை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நடத்திப் பார்த்தோம். முதல் வாரம் பதினேழு பேர் வந்தார்கள். மாதக் கடைசியில் நால்வர். வராதவர்களைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: ராத்திரிச் சமையல். அஸர் முடிந்து அடுப்படிக்குள் போனவர் பாத்திரம் கழுவி வெளியே வர இஷா பாங்கு சொல்லிவிடுகிறது. மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் நிலையும் இதுவே. நேற்றைய பாடத்தை வீட்டில் ஓதிக் காட்டினாயா என்றால், "உம்மா அடுப்படியில இருந்தாங்க, உஸ்தாத்" என்கிறான். அத்தா எங்கே என்று நாம் கேட்பதில்லை. திண்ணையில் இருப்பார் என்பது நமக்கே தெரியும்.

நேரமில்லாத இரவுகளில் நடப்பதையும் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மாட்டுக்கறி ஃப்ரீசரில் கல்லாய்க் கிடக்கிறது. வேக நேரமாகும் என்ற பயத்தில் அதை யாரும் எடுப்பதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புரோட்டா பார்சலும் சிவப்புச் சாயத்தில் முக்கிப் பொரித்த கோழியும் வாங்கி வருகிறோம். எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்று கேட்பதில்லை. யார் அறுத்த கோழி என்று கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். வீட்டில் ஹலாலான இறைச்சியை உறைய வைத்துவிட்டுக் கடையில் சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்குகிற இந்தப் பழக்கத்தைப் பற்றித் திண்ணையில் யாரும் நொந்துகொள்வதில்லை. கரண்டு சட்டிதான் கண்ணை உறுத்துகிறது.

அந்தச் சட்டியின் பூர்வீகம் சுவையானது. அமெரிக்காவின் இர்விங் நாக்ஸன் என்ற யூதர் 1940ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் வளர்ந்த அவருடைய தாயார் தம் இளமைக் காலக் கதையொன்றை மகனுக்குச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். அன்று நெருப்பு மூட்டக் கூடாது. ஆகவே வெள்ளி மாலை பொழுது சாயுமுன் இறைச்சியும் பயறும் நிறைந்த பானையை ஊர் ரொட்டிக்கடையின் அடுப்பில் வைத்துவிடுவார்கள். அடுப்பின் எஞ்சிய சூட்டில் இரவெல்லாம் வெந்து மறுநாள் உணவாகும். அந்தக் கதையிலிருந்துதான் நாக்ஸனுக்கு யோசனை பிறந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் அதை வாங்கி, 1971இல் கிராக் பாட் என்ற பெயரில் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. வணக்கத்துக்குரிய நேரத்தைச் சமையலிடமிருந்து காத்துக்கொள்ள வேதக்காரர்கள் கண்ட வழி அது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் காக்க அதே வழி நமக்குக் கிடைத்திருக்கும்போது, அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் சூட்டுகிறோம்.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. இரவெல்லாம் தணலில் கிடந்து விடியலில் உண்ணப்படும் நிஹாரி, பகல் என்று பொருள்படும் நஹார் என்ற அரபுச் சொல்லால் பெயர் பெற்றது. நம் பாட்டிமார் மண்சட்டியை வறட்டித் தணலில் இறக்கி வைத்துவிட்டுக் களத்துமேட்டுக்குப் போனவர்கள். அவர்களை யார் சோம்பேறி என்றார்கள்? விசில் வைத்த குக்கர் வந்தபிறகுதான், விசிலை எண்ணியபடி அடுப்பருகே நிற்பது பெண்ணின் இலக்கணமாயிற்று.

இனி, மூடிக்கடியில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பெரியவரின் மனக்குறை சட்டியோடு நிற்கவில்லை. "சம்பந்தி வந்திருந்தப்பவும் மாட்டுக்கறியையே வெச்சுட்டா" என்றும் சொன்னார். விருந்தென்றால் ஆட்டுக்கறி, அது முடியாவிட்டால் கோழி, மாட்டுக்கறி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உண்பது என்ற எண்ணம் நம்முள் எப்படிப் புகுந்தது? வானவர்கள் விருந்தினராக வந்தபோது இப்ராஹீம் (அலை) அவர்கள் கொண்டுவந்து வைத்தது கொழுத்த கன்று என்று அத்தாரியாத் அத்தியாயமும், பொரித்த கன்று என்று ஹூத் அத்தியாயமும் கூறுகின்றன. கலீலுல்லாஹ்வின் விருந்துக்குத் தகுதியானது நம் சம்பந்திக்குத் தகாதா?

மாட்டிறைச்சி நோய், அதன் பால் மருந்து என்றொரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை குறித்து ஹதீஸ்கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நபியவர்கள் ஹஜ்ஜின்போது தம் மனைவியர் சார்பில் மாடு அறுத்ததும், அந்த இறைச்சி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கொண்டுவரப்பட்டதும் புகாரியில் ஆதாரபூர்வமாக உள்ளன. நோயைத் தம் வீட்டாருக்கு அனுப்பியிருப்பார்களா? மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர் குறைத்துக்கொள்ளட்டும். அது வேறு கணக்கு. ஆட்டுக்கறிக்கும் அது பொருந்தும்.

உண்மையான காரணம் வேறு. 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. அப்போது ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது, மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம். இதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். இந்த உணவின் மீதுள்ள அருவருப்பு சாதியின் அருவருப்பு என்று அந்த ஆணையத்துக்குப் புரிந்திருக்கிறது. நாமோ வெளியார் இகழ்ந்தால் கொதிக்கிறோம். நம் வீட்டு நிக்காஹ் விருந்தில் மாட்டுக்கறி வைக்கக் கூசி, கடன் வாங்கி ஆடு அறுக்கிறோம். தீண்டாமையின் ஒரு துணுக்கை நாக்கில் ஒட்டிக்கொண்டு ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். கடைக்குப் போகும் பிள்ளையிடம் பையைக் கறுப்பாகப் பார்த்து வாங்கச் சொல்லும் வீடுகள் இந்த மாவட்டத்தில் குறைவல்ல. அண்டை வீட்டாரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக மறைத்தால் அது நற்குணம். வெட்கத்தால் மறைத்தால்?

மாட்டுக்கறி கெட்டி என்ற புகாருக்கும் விடை உண்டு. உழைத்த தசையில் ஜவ்வு அதிகம். கால், கழுத்து, நெஞ்சுப் பகுதிகள் அப்படிப்பட்டவை, விலையும் மலிவு. ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் அந்த ஜவ்வு உருகிப் பசையாகி, கறியை நெகிழ்த்திக் குழம்புக்கும் கெட்டி தருகிறது. அவசரத்தில் கொதிக்கவிட்டால் ஜவ்வு உருகுமுன் சதை நீரை இழந்து நாராகிறது. பிரஷர் குக்கரிலும் மெதுவாக வரும் என்பதை மறுக்கவில்லை. பக்குவம் தெரிந்தவர் முக்கால் மணியில் முடிப்பார். ஆனால் அந்த முக்கால் மணியில் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். பப்பாளிக்காயை அள்ளிப் போடுவதும் சோடா உப்புத் தூவுவதும் மேற்புறத்தைக் கூழாக்குமே தவிர உள்ளே அதிகம் எட்டாது.

நம் வீட்டில் செய்யும் முறை இது. முதல்நாள் இரவே கறியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும்; உறைந்த கறியை நேராகச் சட்டியில் போடவே கூடாது. ஒரு கிலோ கறி, பெரிய எலுமிச்சை அளவுத் துண்டுகள். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் கால் கிலோ, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், இரண்டு தக்காளி ஆகியவற்றை வாணலியில் பத்து நிமிடம் வதக்கிப் பச்சை வாடை போக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் குழம்பு மருந்துபோல் மணக்கும். உப்புச் சேர்த்துக் கறியோடு பிரட்டிச் சட்டியில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் போதும். கறியே நீர் விடும். உருளைக்கிழங்கு போடுவதானால் அடியில் போட வேண்டும், கறியைவிட அது மெதுவாக வேகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரை மணிக்குக் குறைந்த சூட்டில் வைத்தால் ஐந்தரைக்கு ஆகிவிடும். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு இறங்கிச் சமையல் இருபது நிமிடமாவது தள்ளிப்போகும். தேங்காய்ப்பால் கடைசி அரை மணியில். சோம்பு, பட்டை, கறிவேப்பிலைத் தாளிப்பு இறக்கும்போது. சிவப்பு ராஜ்மா சேர்ப்பவர்கள் அதை ஊறவைத்துத் தனியே நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே சேர்க்க வேண்டும். மெல்லிய சூட்டில் அதன் நச்சு முறியாது.

இதில் வதக்கும் வேலையும் முதல்நாள் கறியை எடுத்து வைக்கும் வேலையும் ஆண்களால் ஆகாதவை அல்ல. நாம் செய்கிறோம். முதல் தடவை உப்புக் கூடிவிட்டது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

மின்கட்டணத்தைப் பற்றி அந்தப் பெரியவரே கேட்டார். சிறிய சட்டி சுமார் 200 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். வாரம் மூன்று நாள் வைத்தால் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட் அளவில் வரும். அந்த மூன்று இரவுகளில் மிச்சமாகும் புரோட்டா பார்சலின் விலையை அவரே கூட்டிப் பார்க்கட்டும். மின்தடைக்கும் வழியுண்டு: வீட்டில் ஆள் இருந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி முடித்துவிடலாம். ஆளில்லாத நேரத்தில் நெடுநேரம் நின்றுபோயிருந்தால், மணம் நன்றாக இருந்தாலும் அந்தக் கறியை உண்ணக் கூடாது. துணிதைக்கும் அந்த மருமகளிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று பெரியவரிடம் சொல்லியனுப்பினோம். பெண்கள் வகுப்பு வரும் புதன்கிழமை மஃரிபுக்குப் பின் மீண்டும் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னோம்.