கால் வலிக்கிறது... இன்றைக்கு ஜிம்முக்குப் போகலாமா, வேண்டாமா?

மாசியிலிருந்து சித்திரை முடியும்வரை கோவையில் திங்கட்கிழமை காலையில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கல்லூரி மாடிப்படியில் நாலு பையன்கள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஏறும்போது அவ்வளவு சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் முகம் கோணும். யாரும் விசாரிக்கவே வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி வெள்ளியங்கிரி ஏறிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தவர்கள்!

சாயங்காலம் ஆனால் இவர்களுக்குள் ஒரு பஞ்சாயத்து கிளம்பும். இன்றைக்கு ஜிம்முக்குப் போகலாமா, வேண்டாமா?

ஒரு கட்சி சொல்லும்: "வலிச்சாத்தான்டா வளரும். நோ பெய்ன் நோ கெய்ன்." பாதி ஜிம்களின் சுவரில் எழுதியிருப்பதும் இதைத்தான். இன்னொரு கட்சி சொல்லும்: "வலிச்சா உடம்பு வேண்டாங்குதுன்னு அர்த்தம். பேசாம படு." வீட்டுக்குப் போனால் மூன்றாவதாக ஆத்தாவின் தீர்ப்பு: "காலு நோவுதா கண்ணு? எந்திரிச்சு நாலு நடை நட, செரியாப் போயிரும்."

மூன்றில் ஆத்தாதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் ஏன் என்று தெரியாமல் கேட்டால் அதிலும் வம்பு உண்டு. அதற்கு அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்துபோச்சு, அதான் வலி" என்று ஜிம்மில் சொல்லாத ஆள் கிடையாது. இது தவறு என்று தெரிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடற்பயிற்சியில் ஏறும் லாக்டிக் ஆசிட், ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை இறங்கியதற்குத் திங்கட்கிழமை அது எப்படி வலிக்க வைக்கும்? 1983இல் அமெரிக்காவில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். சிலரை டிரெட்மில்லில் சமதளமாக ஓட விட்டார்கள், இறக்கமாகச் சாய்த்தும் ஓட விட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டிக் ஆசிட் ஏறியது, மறுநாள் குறிப்பிடும்படி வலி இல்லை. இறக்கத்தில் ஓடியபோது ஆசிட் ஏறவில்லை, மறுநாள் நல்ல வலி. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. சுவரில் எழுதியவர்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

உண்மைக் காரணம் இறக்கம்தான். மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைச் சதை உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பிடித்துக்கொண்டே நீள்கிறது. பிரேக்கை அழுத்தியபடி வண்டி இறங்குவது மாதிரி. இப்படி இழுபட்டுக்கொண்டே வேலை செய்யும்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் உண்டாகின்றன. அதைச் சரிசெய்ய உடம்பு ஆரம்பிக்கும் வேலையில்தான் வீக்கமும் வலியும் வருகின்றன. அதனால்தான் வலி உடனே வராமல் அரை நாளோ ஒரு நாளோ கழித்து வரும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் போய்விடும். தசை நாரில் ஏற்படும் சேதம்தான் காரணம் என்று தியோடர் ஹாஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1902லேயே எழுதிவிட்டார். பூண்டி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி ஏறும்போது மட்டும் உதவுவதில்லை. இறங்கும்போது தொடைக்கு வரும் பாரத்தில் கொஞ்சத்தைக் கைக்கு மாற்றிவிடுகிறது. ஏழு மலையும் ஏறி முடித்த உற்சாகத்தில் தடியைத் தோளில் சாத்திக்கொண்டு குதித்து இறங்குகிறவர்கள்தான் திங்கட்கிழமை கம்பியைப் பிடிப்பவர்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வலியும் பலமும் ஒரே கணக்கு அல்ல, இரண்டும் தனித்தனிக் கணக்கு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வலி என்பது பேங்கிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். மாதிரி. பலம் என்பது அக்கவுண்டில் உள்ள பேலன்ஸ். பணம் எடுத்த உடனே பேலன்ஸ் குறைந்துவிடுகிறது, எஸ்.எம்.எஸ். மெதுவாக வருகிறது. தசையிலும் அப்படித்தான். இறங்கி முடித்த அந்த நிமிஷமே பலம் குறைந்திருக்கும், வலி ஆரம்பித்தே இருக்காது. திரும்ப முழுப் பலம் வர சில நாட்கள் ஆகும். பெரிய வலி என்றால் பெரிய சேதம், சின்ன வலி என்றால் சின்ன சேதம் என்றும் சொல்ல முடியாது.

இதில்தான் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. வலிக்கிற காலோடு ஜிம்முக்குப் போய்ப் பத்து நிமிஷம் சைக்கிள் மிதித்தால் வலி குறையும். நிஜமாகவே குறையும். ஆத்தா சொன்ன "நாலு நடை" வேலை செய்வது இதனால்தான். ஆனால் குறைந்தது வலி மட்டும்தான். பலம் அப்படியே கீழேதான் இருக்கிறது. கால் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உணர்கிற துல்லியமும் அப்போது குறைந்திருக்கும். "அட, வலி போயிருச்சே" என்று போன வாரம் தூக்கிய அதே எடையை ஸ்குவாட்டுக்கு வைப்பவர், பேலன்ஸ் பார்க்காமல் செக் எழுதுகிறார். பவுன்ஸ் ஆனால் அபராதம் முட்டிக்கும் முதுகுக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது "வலிக்கிறதா?" என்பது அல்ல. மூன்று கேள்விகள் போதும்.

1. இது எந்த வலி? இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி, மந்தமாக, தொட்டால் நோகிற வலி என்றால் பயப்பட வேண்டாம். ஒரே பக்கம், ஒரே புள்ளியில், சுருக்கென்று குத்தினாலோ, மூட்டில் வலித்தாலோ, பயிற்சியின் நடுவிலேயே வந்திருந்தாலோ அது வேறு. ஓய்வுதான், குறையாவிட்டால் டாக்டர்தான். காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் இந்தக் கட்டுரையே பொருந்தாது.

2. நடை மாறுகிறதா? நொண்டாமல் நடக்க, வலிக்காக உடம்பைக் கோணாமல் உட்கார்ந்து எழ முடிகிறதா? முடிந்தால் லேசாகச் செய்யலாம். முடியாவிட்டால் அந்தத் தசைக்கு விடுமுறை. நொண்டிக்கொண்டு ஓடினால் நோகாத இடமும் நோக ஆரம்பிக்கும்.

3. இன்றைக்குச் செய்யப்போவது என்ன? கால் வலிக்கிறவர் கைக்கும் தோளுக்கும் பயிற்சி செய்ய ஒரு தடையும் இல்லை. ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று நடக்கலாம். அதே காலுக்கு அதே பாரம் என்றால் இரண்டு நாள் பொறுப்பதே லாபம்.

நீட்டி மடக்கி ஸ்ட்ரெச்சிங் செய்தால் வலி போய்விடும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. இதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளிவந்த கோக்ரேன் தொகுப்பின் முடிவு, அதனால் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான். செய்வதால் கெடுதல் இல்லை, அதையே மருந்தாக நம்ப வேண்டாம்.

இதெல்லாம் ஜிம் பையன்களின் பொழுதுபோக்குப் பிரச்னை என்று நினைத்தால் தவறு. விடியற்காலையில் மைதானத்துக்குப் போனால், போலீஸ் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். அதைத் தாண்டினால் அடுத்த கட்டம், இல்லையென்றால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருப்பு. வயது வரம்பு யாருக்காகவும் காத்திருக்காது. எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனவர், தேதி நெருங்க நெருங்க, வலிக்கிற தொடையோடு தினமும் முழு வேகத்தில் ஓடுகிறார். ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, கணக்கு இல்லை. இரண்டு மூன்று நாள் லேசாக ஓடுவதால் பல மாதம் சேர்த்த மூச்சு போய்விடாது. தொடையின் பின்சதை கிழிந்தால் பல வாரங்கள் போய்விடும். தைரியசாலி என்று பெயர் வாங்கி, தேர்வு நாளில் ஓரமாக நிற்பதில் என்ன பெருமை?

"எங்க ஆத்தா அப்பனெல்லாம் வலியோடதான் காட்டு வேலை செஞ்சாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மஞ்சள் வெட்டுகிறவருக்கும் கரும்பு வெட்டுகிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் இன்றைக்குப் போகலாமா என்ற கேள்வியே கிடையாது. போகாவிட்டால் கூலி இல்லை. அவர்கள் வலியைத் தாங்கியது வீரத்துக்காக அல்ல, வேறு வழி இல்லாததால். அதை எடுத்து ஜிம் சுவரில் மாட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. வெட்டு ஆரம்பித்த முதல் இரண்டு நாள்தான் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். பிறகு அதே வேலைக்கு அந்த அளவு வலி வராது. தசை ஒரு முறை பட்ட பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். இதைப் பெற உயிர் போகிற வலி வேண்டியதில்லை, லேசான முதல் தவணையே நிறைய உதவும். வெள்ளியங்கிரி போகிறவர் இரண்டு வாரம் முன்பே மருதமலைப் படியில் சில தடவை நிதானமாக ஏறி இறங்கினால், திங்கட்கிழமை கம்பி தேவைப்படாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சதை கல் மாதிரி வீங்கி, கை காலை அசைக்க முடியாமல், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல. சிதைந்த தசையின் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வியர்த்து வாடிய உடம்போடு, மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பயிற்சிக்குப் போவதும் சிறுநீரகத்தோடு விளையாடுவதுதான்.

வலி என்பது மெடலும் இல்லை, தண்டனையும் இல்லை. அது ஒரு தகவல், அதுவும் தாமதமாக வரும் அரைகுறைத் தகவல். அதை வைத்து மட்டும் முடிவெடுக்கிறவர் இரண்டு பக்கமும் தப்பு செய்வார்... வீட்டில் படுத்தும், ஜிம்மில் உடைத்தும்.